முதல் பக்கத்து டீச்சரின் கை

என் தம்பி வரைந்த படத்தைப் பார்க்காமல் இந்த நாட்டில் யாரும் எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை. மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே படித்து முடித்தவர்களையும், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்களையும், பணம் கட்டி வெளிநாட்டுப் புத்தகம் படிப்பவர்களையும் கழித்துவிட்டால், மீதி அத்தனை பேரும் அவன் படத்தைப் பார்த்துத்தான் படித்தார்கள். ஒன்றாம் வகுப்பு வாசிப்புப் புத்தகம், முதல் பக்கம். கரும்பலகைக்கு முன்னால் ஒரு டீச்சர் நிற்பார். எதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். படத்தை வரைந்தது தம்பி. டீச்சர் நான்.

நிஜத்தில் நான் டீச்சர் இல்லை, தையல்காரி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதிகமும் பள்ளிச் சீருடைதான் தைக்கிறேன். அரைக்கால் சட்டை முழுக்கால் சட்டையானதும், காக்கி நீலமானதும், பெண் பிள்ளைகள் உடுப்பில் பாக்கெட் வந்ததும் என் மிஷின் வழியாகத்தான் நடந்தன. ஆகவே கல்வித்துறையில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஆனால் இது தம்பியைப் பற்றியது.

புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். குழுத் தலைவர் பெயர் இருக்கும். உறுப்பினர்கள், ஆலோசகர்கள், மேலாய்வாளர்கள் பெயர்கள் இருக்கும். எந்த அச்சகம், என்ன காகிதம் என்பதுகூட இருக்கும். தம்பி பெயர் இருக்காது. தற்காலிகப் பணியாளர்களின் பெயரைப் போடுவதில்லை என்பது பாடநூல் அலுவலகத்தின் விதி. அங்கே அவன் தற்காலிகமாகச் சேர்ந்தது என் மூத்த மகள் பிறந்த வருஷத்தில். அவளுடைய மகனே இப்போது ஒன்றாம் வகுப்பு தாண்டிவிட்டான். தம்பி இன்னும் தற்காலிகம்தான்.

அவன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்று சொல்ல வேண்டுமானால் புத்தகங்களின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா படித்தது கப்பலில் வந்த புத்தகம். நம்மை ஆண்டவர்களின் ஊரில் எழுதி, அங்கேயே அச்சிட்டு, இங்கே இறக்கியது. அதில் ஒரு படத்தில் பிள்ளைகள் வெள்ளையாக ஒரு பொம்மை செய்துகொண்டிருப்பார்களாம். அது பஞ்சு என்று அப்பா நினைத்திருந்தார். அவருடைய வாத்தியாரும் அப்படித்தான் நினைத்திருந்தார். அதனால் பரீட்சையில் பஞ்சு என்று எழுதியவர்களுக்கு மார்க் கிடைத்தது. பனி என்ற ஒன்று இருப்பது அப்பாவுக்குத் தெரிய வந்தபோது அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டிருந்தார்கள். மார்க்கை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆண்டவர்கள் போய்விட்டார்கள். புத்தகம் போகவில்லை. முதல் பக்கத்தில் இருந்த ராஜா படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். புதிய புத்தகம் அச்சடிக்கும் வரைக்கும் இப்படி இருக்கட்டும் என்று ஏற்பாடு. நான் படிப்பை நிறுத்தும் வரைக்கும் அந்த ஏற்பாடு இருந்தது. தம்பி அந்த வெள்ளைத்தாளில் எங்கள் தலைமை ஆசிரியரை வரைந்தான். நல்ல வேளையாக அச்சு அசலாக இருந்தது என்று நாங்கள் நினைத்தோம். அச்சு அசலாக இருந்ததால்தான் அடி விழுந்தது என்று அப்பா சொன்னார். வேறு மாதிரி இருந்திருந்தால் யாரோ என்று விட்டிருப்பார்களாம்.

எட்டாம் வகுப்பு முடித்ததும் அவன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போனான். சில வருஷம் கழித்து எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அத்தனை பிள்ளைகளுக்கும் பழைய புத்தகத்தில் தாள் ஒட்டிக் கட்டுப்படியாகாது என்று கண்டுபிடித்து, சொந்தமாகப் புத்தகம் எழுத ஒரு குழு போட்டார்கள். குழுவுக்குப் படம் வரைய ஆள் தேவைப்பட்டது. நேர்காணலில் ஒரு சைக்கிள் வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் வரைய ஆரம்பித்தபோது தம்பி மட்டும் சைக்கிள் எங்கே என்று கேட்டான். பார்க்காமல் வரைய அவனுக்கு வராது. இன்றைக்கும் வராது. வாட்ச்மேனுடைய சைக்கிளை மாடிக்குத் தூக்கி வரச் சொல்லி வரைந்தான். செயின் கழன்றிருந்தது, அதையும் வரைந்தான். இவன் இல்லாததைச் சேர்க்கமாட்டான் என்று சொல்லி அதிகாரி அவனையே எடுத்துக்கொண்டார். அலுவலகத்தில் அவனுக்கு ‘பென்சில்’ என்று பெயர் விழுந்தது. ஆளும் அந்த வாகுதான்.

பார்த்துத்தான் வரைவான் என்பதால் எங்கள் வீடே புத்தகத்துக்குள் போனது. அம்மா எப்போதும் அம்மாவாக இருந்தாள். அப்பா தாத்தாவாகவும் விவசாயியாகவும் போலீஸ்காரராகவும் இருந்தார். பஸ் ஓட்டுநரான என் வீட்டுக்காரர் தபால்காரராக நின்றார். அதற்குப் பிறகு எந்த நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தினாலும் பிள்ளைகள் ‘தபால்காரர் வந்துட்டார்’ என்று கத்துவார்கள். ஒரு தடவை ஒரு சின்னப் பையன் டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டே போய்விட்டான். இவர் அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். “உன் தம்பியால எனக்கு ரெண்டு உத்தியோகம், ஒரு சம்பளம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் பக்கத்துக்கு டீச்சர் வேண்டும் என்றபோது என்னை நிறுத்தினான். தைக்கிற மேஜைக்கு அருகே, சுவரில் கறுப்புத் துணி மாட்டி, அதுதான் கரும்பலகை. அந்த முதல் குழுவுக்கு எங்கள் வீட்டில் ஒழுங்குக் குழு என்று பெயர். பிள்ளைகள் கை கட்டியிருக்க வேண்டும், டீச்சர் கையில் பிரம்பு இருக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. வீட்டில் பிரம்பு இல்லை. துணி அளக்கிற மர அடிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழைய பதிப்பு எங்காவது கிடைத்தால் பாருங்கள், டீச்சருடைய பிரம்பில் அங்குலக் கோடுகள் தெரியும். ஒருவரும் கவனிக்கவில்லை. நல்ல பிரம்பு என்று குழுத் தலைவர் பாராட்டினாராம்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் அது ஓடியது. அடுத்து சிரிப்புக் குழு வந்தது. படிப்பு என்பது மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று வெளிநாடு போய் வந்தவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். முதல் பக்கத்தில் இருக்கும் எல்லோரும் சிரிக்க வேண்டும் என்று எழுத்துமூலமாக உத்தரவு வந்தது. தம்பி வாயை மட்டும் மாற்றினான். பிரம்பை எடுக்கச் சொல்லி உத்தரவில் இல்லாததால் எடுக்கவில்லை. பிரம்போடு நான் சிரித்தேன், கை கட்டியபடி பிள்ளைகளும் சிரித்தார்கள். அதைப் பார்த்த எங்கள் அம்மா புத்தகத்தை மூடிவைத்துவிட்டாள்.

அந்தப் படம் அச்சுக்கான ஃபிலிமாகி அச்சகத்துக்குப் போன பிறகு, பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. புதிதாக வரைய நேரமில்லை. அச்சகத்தில் ஒருவர் பிளேடை எடுத்து ஃபிலிமில் இருந்த பிரம்பை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டார். சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் கை அப்படியே இருந்தது. எதையோ கெட்டியாகப் பிடித்திருக்கிற கை, பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. நாட்டில் பிரம்பு ஒழிந்தது இப்படித்தான், என் வலது கையில் இருந்து.

அதற்குப் பிறகு உருண்டைக் குழு வந்தது. அறிவியல்தான் முக்கியம் என்று மேஜை மேல் பூமி உருண்டையும் ஒரு தொட்டிச் செடியும் வைக்கச் சொன்னார்கள். பிள்ளைகளின் கையைப் பிரித்துவிட்டார்கள். பாஸ், ஃபெயில் கிடையாது என்று சொன்னார்கள், பிறகு உண்டு என்று சொன்னார்கள். டீச்சர் கையை யாரும் தொடவில்லை.

அந்தக் கையை யார் பார்த்தார்கள் என்பது தம்பிக்கு மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அவன் பழைய பேப்பர் கடைக்குப் போவான். ஒரு தடவை மாதிரிக்கு ஏதோ பழைய பத்திரிகை வாங்கப் போயிருந்தான். பள்ளிக்கூடம் லீவு விட்ட சமயம். ஒன்றாம் வகுப்புப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக எடைக்கு வந்து கிடந்தன. ஒன்றைப் பிரித்தான். முதல் பக்கத்தில் டீச்சர் கையில் ஒரு மீன் இருந்தது. யாரோ பென்சிலால் வரைந்த மீன். இன்னொன்றைப் பிரித்தான், பாம்பு. இன்னொன்றில் பட்டம், அதன் நூல் பக்கத்தைத் தாண்டி அட்டைக்கே போயிருந்தது. டார்ச் லைட், கரண்டி, ஐஸ்கிரீம், காதைப் பிடித்துத் தூக்கிய ஒரு பையன், என்னைப் போலவே இன்னொரு சின்ன டீச்சர். பிரம்பு வரைந்தவர்களும் இருந்தார்கள். சட்டம் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

யாரும் வரையச் சொல்லவில்லை. பாடத்தில் அப்படி ஒரு பயிற்சியும் இல்லை. வெறும் கையைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களாக வரைந்தது. அன்று முதல் வருஷா வருஷம் லீவு விட்டதும் அவன் அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். கடைக்காரர் அவனுக்கென்று ஒரு முக்காலியே போட்டுவைத்தார். எதையும் வாங்கமாட்டான், பார்த்துவிட்டு அதே மூட்டையில் திரும்ப வைத்துவிடுவான். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அவன் படத்தைப் பற்றி அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லது சொன்னால் குழுவிடம் சொன்னார்கள். ஆகவே இதை அவனுக்கு வந்த கடிதம் என்று வைத்துக்கொண்டான். கல்யாணம் ஆகாதவன், பிள்ளை குட்டி இல்லை, அவன் உலகம் அவ்வளவுதான் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றாம் வகுப்பு என்பது சின்ன உலகம் இல்லை என்று நான் சொல்வேன்.

போன வருஷம் நான்காவது குழு வந்தது. கூடவே அலுவலகத்துக்குப் புதிய இயக்குநராக ஒரு அம்மா வந்தார். நேரான பெண்மணி. தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். ஒரு கம்பெனியில் மொத்தப் புத்தகத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்து தருவதாகச் சொல்கிறார்கள், விலையும் குறைவு, மேலிடம் அதற்குச் சரி என்று சொல்லும் நிலையில் இருக்கிறது. முதல் பக்கத்தைக் குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டால் மீதியும் அவனுக்கே. ஒரு உறுப்பினர் மறுத்தாலும் கம்பெனிக்குப் போய்விடும். கம்பெனிக்குப் போனால் தற்காலிகப் பணியாளரை வைத்திருக்க வழியில்லை. மாதக் கடைசிக்குள் முடிவாக வேண்டும்.

தம்பி வீட்டுக்கு வந்து இதை அதே வரிசையில் என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டுக் கறுப்புத் துணியை மாட்டினான்.

இந்தக் குழுதான் அந்தக் கையைக் கவனித்தது. முதல் கூட்டத்திலேயே ஒருவர், இந்த அம்மா எதைப் பிடித்திருக்கிறார் என்று கேட்டுவிட்டார். ஒன்றும் இல்லை என்றான் தம்பி. இத்தனை வருஷமாகவா என்றார் அவர். அதோடு மற்ற எதையும் பேசவில்லை. பிள்ளைகள், கரும்பலகை, உருண்டை, செடி எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. கையில் எதையாவது கொடுக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒருமனதாக இருந்தார்கள். எதைக் கொடுப்பது என்பதில்தான் இல்லை.

சாக்பீஸ் என்றார் ஒருவர். தம்பி வரைந்துகொண்டு போனான். தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்று மருத்துவ உறுப்பினர் மறுத்தார். பேனா என்றார்கள். வரைந்தான். எந்தக் கம்பெனிப் பேனா என்று கேள்வி வரும் என்று ஒருவர் சொன்னார். பூ என்றார்கள். செடியில் இருந்து பறித்ததா, விழுந்ததா என்று சுற்றுச்சூழல் உறுப்பினர் கேட்டார். விழுந்த பூ மாதிரியே வரைந்தான், டீச்சர் கையில் வாடிய பூ எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அளவுகோல் என்றதற்கு, பழைய பிரம்புதான் குட்டையாகித் திரும்பி வந்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்து அதையும் கைவிட்டார்கள். மடியில் வைக்கிற கம்ப்யூட்டர் என்றதற்கு, பாதிப் பள்ளிக்கூடத்தில் கரண்டே இல்லை என்றார்கள். புத்தகம் என்பதை முதலில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். எந்தப் புத்தகம் என்று ஒருவர் கேட்டார். இதே புத்தகம்தான் என்றார் தலைவர். அப்படியானால் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் டீச்சர் ஒரு புத்தகத்தைப் பிடித்திருக்க வேண்டுமே, அந்தப் புத்தகத்தில் என்று தம்பி கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் வரைய வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்தது.

இவ்வளவுக்கும் நான் நின்றேன். ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு நின்றேன். சீருடை தைக்கிற சமயம், வாசலில் அளவு கொடுக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை.

“ஏதாவது ஒண்ண வரைஞ்சு, இதுதான்னு அடிச்சுச் சொல்லிட்டு வாயேன்டா,” என்றேன்.

“எதச் சொல்றது?”

“எதையாவது. வெளக்குமாறுன்னு சொல்லு. டீச்சர்தான கூட்டுறாங்க பல பள்ளிக்கூடத்துல.”

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். பேச வேண்டும் என்றால்தான் வைப்பான்.

“அக்கா, நான் ஒண்ண வரைஞ்சுட்டா, அப்புறம் அது மட்டும்தான் இருக்கும்.”

“இருந்தா என்ன? புத்தகம் உன்கிட்ட இருக்கும்ல?”

“கை இருக்காதே.”

“அந்தக் கைக்காக மொத்தப் புத்தகத்தையும் விடப்போறியா? வேற என்ன தொழில் தெரியும் உனக்கு? பேர்ப்பலகை எல்லாம் இப்ப மிஷின்ல அடிக்கிறாங்க.”

“தெரியும். நானும் பாத்துட்டுதான் வர்றேன்.”

“அப்ப?”

“கொஞ்சம் நேரா நில்லுக்கா. தோள் எறங்குது.”

இதுதான் அவன் சுபாவம். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான், சொன்னதை எல்லாம் வரைந்து கொண்டுபோய்க் கொடுப்பான். ஆனால் அந்த எல்லாப் படங்களோடும் வெறும் கை உள்ள ஒன்றையும் அடியில் சேர்த்துக் கொண்டுபோவான். யாரும் கேட்காததால் எடுக்கமாட்டான்.

மாதக் கடைசிக் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லி ஆள் வந்தது. படத்தை வைத்து முடிவு செய்ய முடியாததால் நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று குழு தீர்மானித்திருந்தது. நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனேன். நீள மேஜை, சுற்றிலும் படித்தவர்கள், நடுவில் தண்ணீர் பாட்டில்கள். ஒருவர் எழுந்து எனக்கு வணக்கம் சொன்னார். அவர் பிள்ளை என்னைப் பார்த்துத்தான் படித்தானாம். உட்காரச் சொல்வார்கள் என்று நினைத்தேன். நிற்கத்தானே வரச் சொல்லியிருந்தார்கள். நின்றேன்.

கையைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். ஒருவர் அதில் சாக்பீஸை வைத்துப் பார்த்தார், ஒருவர் பேனாவை வைத்தார். தண்ணீர் பாட்டிலைக்கூட ஒருவர் வைத்தார், அது வெறும் அளவுக்காக. ஒவ்வொன்றையும் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். இதற்கு நடுவில் இயக்குநர் அம்மா மட்டும் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். உட்கார்ந்தால் கை இறங்கிவிடும் என்று வேறொருவர் சொன்னதால் நாற்காலி அப்படியே நின்றது. தம்பி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வியர்த்திருந்தது. இன்றைக்கு முடிவாகாவிட்டால் நாளைக்குக் கம்பெனிக்கு ஆர்டர் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. குழுத் தலைவர் வயதானவர், சர்க்கரை உள்ளவர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர். சுற்றுச்சூழல் உறுப்பினரும் மருத்துவ உறுப்பினரும் மறுபடி சாக்பீஸில் இருந்து ஆரம்பித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டார்.

“எனக்குத் தெரியாதுப்பா. அந்தக் கையில என்ன இருக்குன்னு அந்தக் கொழந்தைங்களே சொல்லிக்கட்டும். நான் சாப்பிடப் போறேன்.”

எழுந்து போய்விட்டார். மற்றவர்களுக்கும் பசி. ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். கூட்டக் குறிப்பு எழுதுகிற குமாஸ்தா மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் அலுவலகத்தில் புதியவர். தலைவர் சொல்வது எதையும் விடக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் எழுதியது இது: ‘ஆசிரியரின் கையில் இருப்பது என்ன என்பதைக் குழந்தைகளே சொல்ல வேண்டும் எனத் தலைவர் கூறினார். உறுப்பினர் எவரும் மறுக்கவில்லை.’

சாப்பிட்டுவிட்டு வந்து எல்லோரும் குறிப்பில் கையெழுத்துப் போட்டார்கள். படித்துப் பார்த்துப் போட்டார்களா என்று நான் சொல்ல முடியாது. இயக்குநர் அம்மா படித்தார். படித்துவிட்டுத் தம்பியைப் பார்த்து, “வெறும் கையோட ஒண்ணு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். அவன் கட்டின் அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தான். படத்துக்குக் கீழே ‘டீச்சர் கையில் என்ன? நீயே வரை’ என்று ஒரு வரி சேர்க்க உத்தரவானது. பிற்பாடு தலைவர் இந்த முறையைப் பற்றி மூன்று நான்கு ஊர்களில் பேசினார். நன்றாகப் பேசினார் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். கல்வித்துறையில் அப்படி முடியாது. புத்தகம் என்று ஒன்று இருந்தால் ஆசிரியர் கையேடு என்று ஒன்று இருக்கும். கையேட்டுப் பிரிவில் ஒரு அதிகாரி இருக்கிறார். கடைசி வரியில் முற்றுப்புள்ளி இல்லை என்பதற்காக முழுத் தாள் கட்டையும் திருப்பி அனுப்புகிறவர். அவர் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே நடந்ததைத் தம்பி சொன்னபடி எழுதுகிறேன். அந்த அதிகாரி பிறகு தன் மகளுக்குச் சீருடை தைக்க என்னிடம் வந்தபோது அவரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

அவருடைய விதி இதுதான்: புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் கையேட்டில் ஒரு விடை இருக்க வேண்டும். விடை இல்லாத கேள்வியைப் புத்தகத்தில் விட முடியாது. கேள்வியை எடுத்தால் அது குழு ஒப்புக்கொண்ட பக்கம் இல்லை. குழு ஒப்புக்கொள்ளாத பக்கம் என்றால் புத்தகம் கம்பெனிக்கு. இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுக் காட்டுவது போலக் காட்டினார்.

“ஒரு விடை சொல்லுங்க, எழுதிக்கிறேன். சாக்பீஸ்னு போட்ரவா? நாளைக்கு அச்சுக்குப் போகணும்.”

சரி என்று தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வேலை நிலைத்திருக்கும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். மீன் வரைந்த பிள்ளைக்குத் தப்பு என்று சிவப்பு மையால் அடித்துக் கொடுப்பார்கள். பாம்புக்கும் அதேதான். அடுத்த வருஷம் முதல் பேப்பர் கடைக்கு வருகிற எல்லாப் புத்தகத்திலும் சாக்பீஸ்தான் இருக்கும்.

“பிள்ளைங்களே வரையணும்னுதான சார் போட்டிருக்கு,” என்றான்.

“வரையட்டும். வரைஞ்சதுக்கு அப்புறம் திருத்தணும்ல? டீச்சர் எதை வெச்சுத் திருத்துவாங்க? விடை இல்லாம இருந்தா நாளைக்கு நூறு பள்ளிக்கூடத்துல இருந்து எனக்கு லெட்டர் வரும்.”

இதுவும் நியாயம்தான். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அப்பா பஞ்சு என்று எழுதி மார்க் வாங்கியது கூட அந்த வாத்தியாரிடம் ஒரு விடை இருந்ததால்தான்.

தம்பி அந்தப் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான். பென்சிலையும் நீட்டினான்.

“நீங்க என்ன வரைவீங்க சார்?”

“நானா? எனக்கு எதுக்குப்பா இது?”

“சும்மா. விடைய நீங்கதான எழுதணும்.”

அவர் பென்சிலை வாங்கிக்கொண்டாராம். எதிர் மேஜையில் இருந்த டைப்பிஸ்ட் எழுந்து வந்து எட்டிப் பார்த்ததாகவும், அவரைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னதாகவும் இரண்டு பேரும் சொன்னார்கள். பிறகு அதிகாரி குனிந்து வரைய ஆரம்பித்தார். அழித்து அழித்து வரைந்தார். முடித்ததும் தம்பி பார்த்தான். ஒரு குடை.

“எங்க ஒண்ணாங் கிளாஸ் டீச்சர்,” என்றார் அதிகாரி. “மழை இருந்தாலும் இல்லன்னாலும் கொடையோடதான் வருவாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து நடந்து வருவாங்க. வகுப்புக்குள்ளயும் கையில இருந்து எறக்கமாட்டாங்க. அதால ஒரு நாளும் யாரையும் அடிச்சதில்ல. எங்களுக்கு எல்லாம் எப்ப அடிப்பாங்கன்னு பயம்தான்.”

“அப்ப குடைதான் சரியா சார்?”

“எனக்குக் குடைதான்.”

“வேற பிள்ளைக்கு?”

அதிகாரி கையேட்டுத் தாளை இழுத்து எழுதினார். அது அப்படியே அச்சாகியிருக்கிறது, எங்கோ கடைசியில் என்று நினைக்காதீர்கள், முதல் பக்கத்திலேயே இருக்கிறது: ‘விடை: குடை. அல்லது வேறு எதுவாகவும் இருக்கலாம்.’ விதிப்படி ஒரு விடை இருக்கிறது. பக்கத்தில் மாதிரிக்கு அவர் வரைந்த குடையையே போட்டார்கள்.

புத்தகம் தம்பியிடமே இருக்கிறது. அவன் நிரந்தரமாகவில்லை. நிரந்தரம் ஆக்குவதற்கு அந்தப் பதவி முதலில் இருக்க வேண்டுமாம், படம் வரைகிறவர் என்று ஒரு பதவியே அலுவலகத்தில் கிடையாதாம். இல்லாத பதவியில் இத்தனை வருஷம் எப்படி வேலை பார்த்தான் என்று கேட்டதற்கு, தற்காலிகமாக என்று பதில் வந்தது. கையேட்டைப் படித்த ஒரு டீச்சர், எதை வரைந்தாலும் சரி என்றால் முதல் ரேங்க் யாருக்குக் கொடுப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் இன்னும் மேஜைக்கு மேஜை சுற்றில் இருக்கிறது.

கையேடு வந்த அன்று தம்பி ஒரு பிரதியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். குடையை நான் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பிகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கைப்பிடி வளைய வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக வளைந்திருந்தது. தையல்காரியின் கண்ணுக்கு அது குடையாகவே படவில்லை.

“என்னடா இது, இப்படிக் கோணலா இருக்கு? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீயாவது சரி பண்ணிக் குடுத்திருக்கலாம்ல?”

“அவரும் கேட்டார்க்கா, சரி பண்ணித் தர்றியான்னு.”

“அப்ப பண்ண வேண்டியதுதான?”

“நான் அவங்க டீச்சரப் பாத்ததில்லையே,” என்றான்.